மணி அடித்த ராத்திரி... 372 டோக்கன் என்ன ஆச்சு?



நம் குழுப் பெண்கள் குழு வேலையோடு நிற்பதில்லை. அம்மன் கோயில் கொடை என்றாலும், தர்கா கந்தூரி என்றாலும், சபை அசனம் என்றாலும் வெங்காயம் உரிப்பதில் இருந்து கணக்கு முடிப்பது வரை நாம்தான். நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டுகிற வேலையும் அதில் ஒன்று. டோக்கன் அடிப்போம், பலகாரம் சுடுவோம், பிரியாணி போடுவோம். எல்லாம் சரியாகத்தான் போகும். விடிந்தால் விற்பனை என்கிற நேரத்தில் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து விழும்.

போன நவம்பரில் அப்படி ஒன்று விழுந்தது. நானும் அதில் கொஞ்சம் மாட்டிக்கொண்டேன். "எழுதுங்க மேடம், நாலு பேருக்குப் பிரயோசனப்படும். பேர் மட்டும் போட்டுராதீங்க" என்று சம்பந்தப்பட்டவர்கள் சொன்னதால் ஊர்ப் பெயரும் இல்லை, ஆள் பெயரும் இல்லை. நடந்தது மட்டும் இருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறிய சபை. அங்கே பெண்கள் ஐக்கிய சங்கத்தில் 24 பேர். அதில் ஒன்பது பேர் நம் குழு உறுப்பினர்கள். இந்தச் சங்கம் வழக்கமாகப் பணம் சேர்ப்பது கைப்பிடி அரிசியில். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். மாதம் ஒருமுறை சங்கத்தில் கொண்டு போய்க் கொட்டுவார்கள். அதை விற்று ஏழைகளுக்கு உதவுவார்கள். மிசோரம் மாநிலத்துச் சபைப் பெண்கள் இதை 1910-ஆம் ஆண்டிலிருந்தே செய்து வருகிறார்கள். அங்கே இதற்குப் 'பூஃபாய் தாம்' என்று பெயர். நம் குழுச் சேமிப்புக்கு இது பாட்டி முறை வேண்டும்!

ஆனால் கைப்பிடி அரிசி மெதுவாகச் சேர்கிற காசு. இந்தத் தடவை அவசரம். பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு தாய், வீட்டுக்காரர் இல்லை. மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். கட்டணத்தில் 25,000 ரூபாய் பாக்கி. திங்கட்கிழமை கடைசி நாள். அதனால் முந்தின நாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சிக்கன் பிரியாணிப் பொட்டலம் விற்பது என்று முடிவு செய்தார்கள். டோக்கன் 150 ரூபாய். 400 பொட்டலம். வரவு 60,000, செலவு 35,000, மிச்சம் 25,000. நோட்டில் அழகாக உட்கார்ந்திருந்தது கணக்கு. முட்டை ஒரு அக்காவின் உபயம், விறகு இன்னொருவர் உபயம். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் 372 டோக்கன் போய்விட்டது. 55,800 ரூபாய் வந்துவிட்டது.

வெங்காயம் உரித்தாயிற்று. இஞ்சி பூண்டு அரைத்தாயிற்று. வாடகைப் பாத்திரம் வந்து இறங்கிவிட்டது. ஏழே கால் மணிக்குக் கோயிலில் துக்கமணி அடித்தது.

இறந்தவர் கோயிலுக்குப் பின் தெருவில் இருந்த ஒரு பெரியவர். சமையலுக்குத் தலைமை தாங்க வேண்டிய அக்கா அவருடைய மருமகள். சங்கத்தில் இன்னும் மூன்று பேர் சொந்தக்காரர்கள். அடக்கம் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு என்று முடிவாயிற்று. துக்க வீட்டுக்கு இருபது அடி தள்ளிப் பிரியாணி தாளிக்க முடியுமா? முடியாது. இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியது இல்லை.

முதல் அரை மணி நேரம்

தவறு நடப்பது இந்த நேரத்தில்தான். மணி அடித்துப் பத்து நிமிஷத்தில் ஒரு பிள்ளை "நாளைக்குப் பிரியாணி கேன்சல்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் போட்டாள். ஆனால் அந்த ஒரு வரியில் பணம் என்ன ஆகும் என்பது இல்லை. எட்டு மணிக்குள் செயலாளருக்குப் பதினேழு போன். "காசு திரும்ப வருமா?" "எப்ப வரும்?" "யாருகிட்ட வாங்கணும்?" பொருளாளர் வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்தே நின்றுவிட்டார்கள். ஒருவர் அடுத்த வாரம் என்கிறார், இன்னொருவர் ரைஸ்மில் முற்றத்தில் வைத்து நாளைக்கே போட்டுவிடலாம் என்கிறார், மற்றொருவர் எல்லாப் பணத்தையும் கொடுத்துவிடுவோம் என்கிறார். ஒரே சங்கத்தில் இருந்து ஊருக்குள் மூன்று செய்தி!

செயலாளர் அப்போது செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. முதலில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு துக்க வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். அங்கே பிரியாணிப் பேச்சையே எடுக்கவில்லை. திரும்பி வந்து, சொந்தம் அல்லாத ஐந்து பேரை மட்டும் தன் வீட்டுத் திண்ணையில் கூட்டினார். "இனிமே யாரு கேட்டாலும், ஒன்பதரைக்குச் சொல்றோம்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை பேசப்படாது" என்றார். ஒரு மணி நேரம் ஊர் வாயை அடக்கி வைத்ததே பெரிய வேலை.

நடுவில் எனக்குப் போன் வந்தது. கடைசிப் பஸ் போய்விட்டதால் நான் போக முடியவில்லை. போனிலேயே ஆலோசனை சொன்னேன். "எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க அக்கா. நம்பிக்கைதான் முக்கியம்." எம்.எஸ்.டபிள்யூ. படித்த மூளை சொன்ன பதில் அது. ஐந்தாம் வகுப்போடு நின்ற பொருளாளர் அக்கா போனை வாங்கிச் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"மேடம், திருப்பிக் குடுக்கதுக்கும் குடுக்காம இருக்கதுக்கும் நாம யாரு? பிரியாணிக்குன்னு சிலரு குடுத்தாங்க. அந்தப் பிள்ளைக்குன்னு சிலரு குடுத்தாங்க. எது எதுக்குன்னு நமக்குத் தெரியுமா? குடுத்தவங்ககிட்டயே கேட்டுருவோம்."

நான் வாயை மூடிக்கொண்டேன். நம்பிக்கை, நம்பிக்கை என்று பயிற்சியில் எத்தனை தடவை பேசியிருக்கிறேன்! ஆனால் 372 பேரின் முடிவை நானே எடுத்துவிடப் பார்த்தேன். ஒரேயடியாகத் திருப்பிக் கொடுத்திருந்தால், "இருக்கட்டும், பிள்ளை படிக்கட்டும்" என்று சொல்லியிருக்கக் கூடியவர்களுக்கும் அந்த வாய்ப்புப் போயிருக்கும். திருப்பியே கொடுக்காமல் இருந்திருந்தால் ஊர் ஏசியிருக்கும்.

ஒன்பதரைக்குச் செய்தி போயிற்று. அதை அப்படியே தருகிறேன். வேண்டுமானால் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

"நாளை நடக்க இருந்த பிரியாணி விற்பனை நம் சபையில் நேரிட்ட மரணத்தினால் நடைபெறாது. அடுத்த சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் பொட்டலம் தரப்படும். இதே டோக்கன் செல்லும். பணம் திரும்ப வேண்டும் என்பவர்கள் புதன்கிழமைக்குள் சொன்னால் முழுப் பணமும் தரப்படும். பொட்டலம் வேண்டாம், பணம் மாணவியின் படிப்புக்கே இருக்கட்டும் என்பவர்கள் அதையும் தெரிவிக்கலாம். தொடர்புக்குச் சங்கச் செயலாளர் மட்டும்."

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் எழுதியபோது 'படிப்புக்கே இருக்கட்டும்' என்கிற வரி மேலே இருந்தது. பணம் திரும்பத் தருகிற பேச்சே கிடையாது. ஐயரம்மாதான் மாற்றச் சொன்னாராம். "தானமா விட்டுத்தாங்கன்னு மொதல்ல கேட்டுட்டா, திரும்பக் கேக்க நெனைக்கவங்க கூசிப்போவாங்க. கூலி வேலைக்குப் போறவங்களும் டோக்கன் வாங்கிருக்காங்க. அவங்களுக்கு 150 ரூவா சின்னக் காசு இல்ல" என்றாராம். அதனால் திரும்பத் தருவது முன்னாலும், விட்டுத்தருவது பின்னாலும் வந்தது.

சமைத்தே விடலாமா?

"மாஸ்டரை விடியக்காலம் நாலு மணிக்கு வரச்சொல்லி ரைஸ்மில்லுல வச்சுச் சமைச்சு மூடி வச்சிருவோம். அடக்கம் முடிஞ்சு ஆறு மணிக்குக் குடுத்துருவோம்" என்று ஒரு யோசனையும் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆபத்து.

சமைத்த சோறு, கறி எதுவானாலும் சூடு ஆறி வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஆவி பறக்கும் சூட்டில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபிரிட்ஜ் குளிரில் வைக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் வெதுவெதுப்பில் கிடந்தால் கிருமி பெருகும். சோற்றில் வளர்கிற ஒரு வகைக் கிருமி விஷத்தைக் கக்கும். அந்த விஷம் திரும்பச் சூடாக்கினாலும் போகாது. 'நல்லாச் சூடு பண்ணிக் குடுத்துட்டா சரியாயிரும்' என்று நாம் நினைப்பது இங்கே எடுபடாது. மூடிய டப்பாவுக்குள் பன்னிரண்டு மணி நேரம் இருந்த பிரியாணியை 372 வீட்டுக்குக் கொடுத்து, அதில் பத்துக் குழந்தைகள் வாந்தி எடுத்தால் என்ன செய்வது? நல்லவேளை, நம் குழு ஊக்குநர் ஒருவர் சத்துணவு அமைப்பாளர். "அந்தப் பேச்சே வேண்டாம்" என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அடுத்த வேலை, எது கெடும், எது கெடாது என்று பிரிப்பது. அரிசி, எண்ணெய், மசாலா, டப்பா கெடாது. அவற்றை மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டார்கள். கோழி விடியற்காலை மூன்று மணிக்கு வெட்டுவதாக ஏற்பாடு. எட்டரைக்கே கடைக்காரருக்குப் போன் போட்டதால் கோழி உயிரோடு தப்பியது, 3,000 ரூபாய் முன்பணமும் தப்பியது. அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொண்டார். அதுவே காலையில் போன் போட்டிருந்தால் 50 கிலோ கறி வாசலில் வந்து நின்றிருக்கும்! தயிருக்குச் சொன்னதையும் ராத்திரியே நிறுத்தினார்கள். இஞ்சி பூண்டு விழுதில் உப்பும் எண்ணெயும் சேர்த்து மூன்று வீட்டு ஃபிரிட்ஜில் பிரித்து வைத்தார்கள். உரித்த வெங்காயம் 25 கிலோவில் கொஞ்சம் துக்க வீட்டுக்கு வந்தவர்களின் சாம்பாருக்குப் போனது. மீதியை மெயின் ரோட்டு ஓட்டல்காரர் விலை குறைத்து வாங்கிக்கொண்டார். மல்லியும் புதினாவும் போனது போனதுதான்.

பிரியாணி மாஸ்டர் மட்டும் முறுக்கிக்கொண்டார். நவம்பரில் முகூர்த்தம் அதிகம். அடுத்த சனிக்கிழமை காலையில் அவருக்குக் கல்யாண வீடு. சாயங்காலம் வருகிறேன் என்று கடைசியில் இறங்கி வந்தார். விற்பனை மாலை ஐந்து மணிக்கு மாறியதன் காரணம் அதுதான், வேறு திட்டம் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமைக் கட்டணம்

இதுதான் சிக்கலான இடம். விற்பனையைச் சனிக்கிழமைக்குத் தள்ளலாம். கல்லூரிக் கட்டணத்தைத் தள்ள முடியுமா?

"கையிலதான் 55,800 இருக்கே, அதுல 25,000 எடுத்துக் கட்டிருவோம்" என்று பலரும் சொன்னார்கள். பார்த்தால் சரி போலத்தான் தெரியும். பொருளாளர் அக்கா நோட்டை எடுத்து வைத்து ஒரு கணக்குப் போட்டார். நீங்களும் போட்டுப் பாருங்கள். வந்தது 55,800. அரிசி, எண்ணெய், டப்பா, முன்பணம் என்று ஏற்கெனவே 11,000 போய்விட்டது. மீதி 44,800. இதில் 25,000 கட்டணம் கட்டினால் மிச்சம் 19,800. புதன்கிழமைக்குள் 150 பேர் பணம் திரும்பக் கேட்டால் 22,500 கொடுக்க வேண்டும். அதற்கே காணாது. அப்புறம் கோழிக்கு எங்கே போவது?

பொட்டலம் கைக்குப் போகிற வரை டோக்கன் பணம் நம் வரவு இல்லை சகோதரிகளே, அது நம் கடன். குழுவில் சந்தாப் பணத்தையும் கடன் பாக்கியையும் ஒரே கட்டத்தில் எழுத மாட்டோம் அல்லவா? அது போலத்தான்.

எனவே டோக்கன் பணத்தில் கை வைக்கவில்லை. அந்தத் தாய் நம் குழு உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு வழக்கமான குழுக் கூட்டம் இருந்தது. அடக்கத்துக்குப் போய்வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தார்கள். 14 பேரில் 11 பேர் வந்தார்கள். மகளின் படிப்புக்கு 12,500 ரூபாய் உள்கடன், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைய சேமிப்பும் தவணையும் சேர்ந்து அந்தத் தொகை கையில் இருந்தது. நானும் கூட்டத்தில் இருந்தேன். "விற்பனை சரியாப் போகலன்னா இந்தக் கடன் உங்க தலையிலதான், சம்மதமா?" என்று அந்த அக்காவிடம் எல்லோர் முன்னாலும் கேட்டேன். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்காமல் விட்டிருந்தால் பின்னால் சங்கத்துக்கும் குழுவுக்கும் சண்டை வந்திருக்கும். "சம்மதந்தான். பீடி சுத்தியாவது அடைப்பேன்" என்றார்.

திங்கட்கிழமை காலையில் தாயும் செயலாளரும் கல்லூரி அலுவலகத்துக்குப் போனார்கள். வெறும் வாயோடு போகவில்லை. பாதிப் பணம், சங்கத்தின் லெட்டர்பேடில் ஒரு கடிதம், அதில் மீதியைக் கட்டுகிற தேதி. பத்து நாள் தவணை கிடைத்தது. பணமே இல்லாமல் போய் அழுவதற்கும், பாதியைக் கையில் வைத்துக்கொண்டு தேதி சொல்லிக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. வங்கிக்குக் கடன் கேட்கப் போகும்போது இதைத்தானே நாம் செய்கிறோம்.

யாருக்கு விற்றோம் என்றே தெரியாத 90 டோக்கன்

நல்லதையே சொன்னால் போதாது. டோக்கன் அடிக்கட்டையில் பெயரும் போன் நம்பரும் எழுதச் சொல்லியிருந்தார்கள். 372-இல் 90 அடிக்கட்டை வெறுமையாக இருந்தது. "தெரிஞ்ச ஆளுதானே", "எங்க மைனிதானே" என்று எழுதாமல் விட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் இல்லாதவர்களும் நிறையப் பேர். அந்த 90 பேரையும் தேடிப் பிடிக்க ஞாயிறு காலை ஆறு மணியில் இருந்து இரண்டு பெண்கள் கோயில் வாசலிலும், இரண்டு பேர் பஸ் நிறுத்தத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். துக்க நாளில் மைக் வைத்துச் சொல்ல முடியாது; அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள். அப்படியும் ஒரு குடும்பம் பதினைந்து கிலோமீட்டரில் இருந்து ஆட்டோ பிடித்து ஐந்து பொட்டலம் வாங்க வந்து நின்றது. கோபப்பட்டார்கள். நியாயமான கோபம். ஆட்டோ வாடகையைச் செயலாளர் தன் கையில் இருந்து கொடுத்தார்.

பணம் எங்கே இருக்கிறது என்பதும் இப்படிப்பட்ட நேரத்தில்தான் வெளியே வரும். பாதிப் பணம் மூன்று உறுப்பினர்களின் ஜிபே கணக்கில் கிடந்தது. ஒருவருடைய கணக்கில் வந்த பணத்தில் அவருடைய நகைக்கடன் வட்டி தானாகப் பிடித்துவிட்டது! நல்ல மனுஷி, ஓடி ஓடிப் புரட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அன்றன்றைக்கு வந்த பணத்தை அன்றன்றைக்கே சங்கக் கணக்குக்கு மாற்றியிருந்தால் அந்த ஓட்டம் மிச்சம்.

இதைச் சொல்லும்போது பழைய கதை ஒன்று ஞாபகம் வருகிறது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். நவம்பர் மாதம் பல சபைகளில் அறுப்பின் பண்டிகை நேரம். வேறொரு ஊரில் பண்டிகை விற்பனைக்கு வாங்கிய பணம் முழுவதையும் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்கள், அதுவும் பெரிய நோட்டாக. வியாபாரி வாங்க மாட்டேன் என்கிறார், வங்கி வாசலில் வரிசை முடியவே இல்லை. வாராவாரம் கணக்கில் கட்டி வந்த பக்கத்துச் சங்கத்துக்கு அந்தத் தலைவலி இல்லை.

மழை வந்தால் அது வேறு கணக்கு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள். கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வாங்கி வைத்த அரிசியும் பருப்பும் கஞ்சியாகி, மேட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்கியவர்களுக்குப் போன ஓர் ஊர் எனக்குத் தெரியும். அங்கே யாரும் டோக்கன் பற்றிக் கேட்கவில்லை. ஆனாலும் ஜனவரியில் தண்ணீர் வடிந்த பிறகு, எந்தப் பணம் எதற்குப் போயிற்று என்று எழுதிப் படித்தார்கள்.

சனிக்கிழமை

அந்த வாரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 372 டோக்கனில் 31 பேர் பணம் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 4,650 ரூபாய். கேட்ட அன்றைக்கே கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். "ஏன்" என்று ஒருவரையும் கேட்கவில்லை. 58 பேர் பொட்டலம் வேண்டாம், பணம் இருக்கட்டும் என்றார்கள். பாக்கி 283 பேர். எனவே 300 பொட்டலம்தான் சமைத்தார்கள். கூடுதல் 17 அன்றைக்கே விற்றது. மிஞ்சிய பத்துக் கிலோ அரிசியை உறுப்பினர்களே விலை போட்டு எடுத்துக்கொண்டார்கள். துக்க வீட்டு மருமகள் சமையலுக்கு வரவில்லை. வரச்சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

மொத்த வரவு 53,700. சமையல் செலவு 29,400. தள்ளிப்போனதால் வந்த நஷ்டம் 1,450: பாத்திர வாடகை கூடுதலாக 500, வெங்காயத்தில் 400, மல்லி புதினா 350, ஆட்டோ போன் 200. எல்லாம் போக 22,850. இலக்கு 25,000. துண்டு விழுந்தது 2,150.

"ஆளுக்குப் பத்து ரூவா, ஒரு குலுக்கல் வச்சு ஒரு சேலை குடுப்போம், ஈடுகட்டிரலாம்" என்று ஒரு தங்கச்சி சொன்னாள். வேண்டாம் சகோதரிகளே. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. காசு வாங்கிச் சீட்டுக் குலுக்குவது நல்ல காரியத்துக்கு என்றாலும் வம்பை விலைக்கு வாங்குவதுதான். குறைந்த பணத்தைக் கைப்பிடி அரிசி விற்ற காசில் இருந்து எடுத்துப் போட்டார்கள். குழுக்கடனும் அடைந்தது, கல்லூரிப் பாக்கியும் அடைந்தது.

அப்புறம் ஒரு சின்னச் சண்டை. கடனுக்கு ஒரு மாத வட்டி 125 ரூபாயை யார் கட்டுவது? கடன் தாயின் பேரில் இருக்கிறது, அவர்தான் கட்ட வேண்டும் என்று இரண்டு பேர். விற்பனை தள்ளிப்போனதால்தானே கடனே வந்தது, சங்கம்தான் கட்ட வேண்டும் என்று மற்றவர்கள். 125 ரூபாய்க்கு அரை மணி நேரம் பேச்சு! என்னைக் கேட்டார்கள், நான் சங்கத்தின் பக்கம் பேசினேன். கடைசியில் அதுவும் அரிசிக் காசில் எழுதப்பட்டது. அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை என்று கேள்வி.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயலாளர் கணக்கு வாசித்தார். "அந்த 1,450-ஐ 'இதரச் செலவு'ன்னு எழுதிருவோம், நஷ்டம்னு வாசிச்சா அசிங்கமா இருக்கும்" என்று ஒருவர் சொல்லிப் பார்த்தாராம். பொருளாளர் அக்கா கேட்கவில்லை. 'விற்பனை தள்ளிப்போனதால் நஷ்டம் 1,450 ரூபாய்' என்றே வாசிக்கப்பட்டது. சபையில் யாரும் முகம் சுளிக்கவில்லை. இரண்டு பேர் எழுந்து வந்து அந்தத் தொகையை நாங்கள் தருகிறோம் என்றார்கள். ரசீது போட்டு வாங்கி அடுத்த வருஷக் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

இந்த வருஷம் டோக்கன் அடிக்கும்போது பின்பக்கத்தில் மூன்று வரி சேர்த்திருக்கிறார்கள்: தேதி மாறினால் இதே டோக்கன் செல்லும், வேண்டாம் என்றால் பணம் திரும்பக் கிடைக்கும், கேட்க வேண்டிய போன் நம்பர் இது. அடிக்கட்டையில் பெயரும் நம்பரும் எழுதாமல் வருகிற புத்தகத்தைப் பொருளாளர் அக்கா வாங்குவதே இல்லையாம். மாதிரி டோக்கன் ஒன்றை வாங்கி வந்து கூட்டமைப்பு அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். தேவைப்படும் குழுக்கள் மாதக் கூட்டத்துக்கு வரும்போது பார்த்து எழுதிக்கொண்டு போகலாம்.